இதயத்திற்கு ஒட்டுப் போட முடியுமா?

விஞ்ஞான மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு

தையல் வகுப்பில் நாங்கள் முதன்முதலாகக் கற்றுக்கொண்டது ஒட்டுப் போடுவது. கிழிந்த இடத்தின் ஓரத்தை மடித்து, அதே நிறத்தில் ஒரு துண்டு வெட்டி, உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டால் பாவாடை இன்னும் ஓர் ஆண்டு உழைக்கும். துணிக்குச் செய்யும் இந்தச் சிறு உதவியை மனித இதயத்திற்கும் செய்ய முடியுமா? நாங்கள் இந்தக் கேள்வியை வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம் எங்களைக் கேட்க வைத்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தைக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி இறந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரவும் பகலும் லாரி ஓட்டியவர், நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அந்த வேளையில் உறவினர் ஒருவர் ஒரு விளம்பரத் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் புதிதாகிவிடும், அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. செலவோ சில லட்சம் ரூபாய். அக்காவின் கல்யாணத்திற்கென்று வைத்திருந்த நகைகளை அடகு வைக்கலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தார். தோழி அந்தக் காகிதத்தைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். உயிரியல் வகுப்பு முடிந்ததும், "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டாள்.

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "அப்பாவைப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று நாம் எல்லோரும் சேர்ந்து படிப்போம்" என்றார். அவ்வாறு படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஓய்வறியா உழைப்பாளி

நம் இதயம் நம் கைமுட்டி அளவே உள்ளது. ஆயினும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. இந்த இறைப்பு வேலையைச் செய்பவை கோடிக்கணக்கான இதயத் தசை செல்கள்.

காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் ஒரு வாரத்தில் தோல் மூடிக்கொள்கிறது. முறிந்த எலும்பும் கூடிவிடுகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தாலும் மீண்டும் வளர்கிறது. இதயத்திற்கு இந்தப் பாக்கியம் இல்லை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டால், சில மணி நேரத்திற்குள் அப்பகுதியின் செல்கள் மடிந்துவிடுகின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் 100 கோடி செல்கள் வரை அழியக்கூடும். அந்த இடத்தில் புதுத் தசை முளைப்பதில்லை, தழும்புதான் உண்டாகிறது. தழும்பு இதயச் சுவர் கிழியாமல் காக்கும். ஆனால் அதற்குச் சுருங்கி விரியத் தெரியாது. எஞ்சிய தசையே எல்லாப் பாரத்தையும் சுமந்து, நாளடைவில் அதுவும் களைத்துப் போகிறது.

இதயத் தசை புதிதாவதே இல்லையா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது, எதிர்பாராத விதமாக, அணுகுண்டு! 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் பெருகியது. 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. காற்றிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து நம் உணவுக்கும் அந்தக் கார்பன் வந்து சேர்கிறது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டின் கார்பன் அளவு பதிந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் இந்தச் சான்றிதழைப் படித்து 2009-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு செல் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. ஆக, இதயம் தன்னைத்தானே புதுப்பிக்கிறது. ஆனால் மாரடைப்பின் இழப்பை ஈடுகட்டும் வேகம் அதற்கு இல்லை. வெளியிலிருந்துதான் உதவி வர வேண்டும்.

கடைசி மாணவன் காட்டிய வழி

ஸ்டெம் செல் என்பது குருத்து போன்ற செல். குருத்து விரிந்து இலையாகிறது. அதுபோல இந்தக் குருத்துச் செல்லிலிருந்து வேறு செல்கள் உண்டாகின்றன. எலும்பு மஜ்ஜையில் உள்ள இரத்தக் குருத்துச் செல்லிலிருந்து இரத்தச் செல்கள் மட்டுமே பிறக்கும். கருவின் தொடக்க நாட்களில் உள்ள குருத்துச் செல்லோ தோல், நரம்பு, தசை என எதுவாகவும் மாற வல்லது. ஒருமுறை தோலாகிவிட்ட செல் மீண்டும் குருத்தாக முடியாது என்றே முற்காலத்தில் பலரும் நம்பினர்.

இந்த நம்பிக்கையை அசைத்தவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். ஈட்டன் பள்ளியில் படித்தபோது உயிரியலில் 250 மாணவர்களில் கடைசி இடம் அவருக்கு! இவன் விஞ்ஞானியாக நினைப்பது வீண் ஆசை என்ற பொருளில் ஆசிரியர் 1949-இல் அறிக்கை எழுதினார். கர்டன் அதைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். பின்னர் ஆக்ஸ்போர்டில், தவளை முட்டையின் உட்கருவை அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைத்தார். முட்டை தலைப்பிரட்டையாக வளர்ந்தது. முதிர்ந்த செல்லுக்குள்ளும் முழு உடலுக்கான குறிப்புகள் அழியாமல் இருக்கின்றன என்று 1962-இல் அவர் மெய்ப்பித்தார்.

1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்துச் செல்களைப் பிரித்து வளர்த்தார். மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால் அச்செல்களைப் பெறக் கருவைச் சிதைக்க வேண்டியிருந்தது. மனித உயிர் கருவுற்ற கணம் முதல் மதிப்புக்குரியது என்று போதிக்கும் நம் திருச்சபை இதை ஏற்கவில்லை. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கருவியாக்கலாமா என்று எங்கள் வகுப்பிலும் அன்று நெடுநேரம் விவாதம் நடந்தது.

இதே கேள்வி ஜப்பானில் ஒருவர் உள்ளத்தையும் தொட்டது. ஷின்யா யமனாக்கா முதலில் எலும்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர்; அறுவை சிகிச்சையில் கை வேகம் போதவில்லை என்று ஆராய்ச்சிக்கு வந்தவர். நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு மனிதக் கருவைக் கண்டபோது, இதற்கும் என் பெண் குழந்தைகளுக்கும் எவ்வளவு சிறிய வேறுபாடு என்று அவருக்குத் தோன்றியதாம். வேறு வழி தேட வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. குருத்துச் செல்லில் விழித்திருக்கும் மரபணுக்களில் 24-ஐத் தேர்ந்தெடுத்தார். எல்லாவற்றையும் எலியின் தோல் சார்ந்த செல்லுக்குள் செலுத்தியபோது அது குருத்தாக மாறியது. பின்பு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்ததில், நான்கு மரபணுக்களே போதும் என்று தெரிந்தது. 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் இது வெற்றி பெற்றது. கருவைத் தொடாமலே, நம் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ குருத்துச் செல் பெறலாம்! கர்டனும் யமனாக்காவும் 2012-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தட்டில் துடிக்கும் செல்

குருத்துச் செல்லை இதயத் தசையாக்குவது சமையல் போன்றது. எதை எப்போது போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கருவில் இதயம் உருவாகும்போது செல்களுக்குள் ஒரு சைகை முதலில் எழுந்து, பிறகு அடங்குகிறது. 2012-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் அதே வரிசையை வளர்ப்புத் தட்டில் பின்பற்றினார்கள். ஒரு ரசாயனத்தால் சைகையை எழுப்பி, சில நாட்களில் வேறொன்றால் அடக்கினார்கள். ஏறத்தாழ பத்து நாட்களில் தட்டிலுள்ள செல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கின. நரம்பு இல்லை, இரத்தம் இல்லை, ஆனாலும் துடிப்பு!

ஆனால் தட்டில் உள்ள அனைத்தும் இதயச் செல்களாக மாறிவிடுவதில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போல மற்றவற்றை நீக்க வேண்டும். டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தார் 2013-இல் எளிய வழி ஒன்றைக் காட்டினர். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தின் உப்பான லாக்டேட்டை மட்டும் உணவாகத் தந்து, சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள். இதயத் தசை செல் லாக்டேட்டை உண்டு வாழும். மற்றவை பெரும்பாலும் பட்டினியால் மடிந்துவிடும்.

நூலிலிருந்து துணி

செல் இருந்தால் மட்டும் போதாது. நூல் குவியலைத் துணி என்று சொல்ல முடியுமா? செல்களை ஒழுங்காகச் சேர்த்துத் திசுவாக்க மூன்று வழிகள் முக்கியமானவை.

முதல் வழி, செல் விரிப்பு. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டெருவோ ஒகானோ, வளர்ப்புத் தட்டின் மேல் ஒரு விசேஷப் பூச்சுப் பூசினார். 37 பாகை சூட்டில் செல்கள் அதில் ஒட்டி வளரும். 32 பாகைக்குக் கீழே குளிரவிட்டால் பூச்சு நீரை ஏற்று உப்ப, செல்கள் ஒரே விரிப்பாகக் கிழியாமல் கழன்று வரும். ஆறவிட்ட ஆடையைப் பாலிலிருந்து எடுப்பது எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாவது வழி, வார்ப்பு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வோல்ஃப்ராம் சிம்மர்மான் குழுவினர், இதயத் தசை செல்களையும் இணைப்புத் திசு செல்களையும் கொலாஜன் கூழில் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். அது இறுகி, நீண்டு, ஒரே தாளத்தில் இழுத்துச் சுருங்கும் தசையாகிறது.

மூன்றாவது வழியைக் காட்டியவர் ஒரு பெண் விஞ்ஞானி. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டோரிஸ் டெய்லரும் அவர் குழுவினரும் இறந்த எலியின் இதயத்தை எடுத்து, அதன் இரத்தக் குழாய்கள் வழியே சோப்பு போன்ற ரசாயனக் கரைசலைச் செலுத்தினர். செல்கள் யாவும் கழுவிச் செல்ல, வெண்மையான வெறும் கூடு மிஞ்சியது. குழாய்களும் அறைகளும் வால்வுகளும் அப்படியே இருந்தன. பிறந்த எலிக்குஞ்சின் இதயச் செல்களை அதில் நிரப்பினர். நான்காம் நாள் அசைவு தெரிந்தது. எட்டாம் நாள் இறைக்கவும் தொடங்கியது, முழு இதயத்தின் வலிமையில் நூற்றுக்கு இரண்டு பங்கு! இது 2008-இல் வெளியான செய்தி. 2016-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் மனித இதயக் கூட்டின் சுவரில் 50 கோடி இதயத் தசை செல்களைச் செலுத்தி, 14 நாட்கள் வளர்த்து, அந்தத் துண்டு சுருங்குவதைக் கண்டனர்.

இப்படி உருவாகும் தசை, பிறவாத குழந்தையின் தசை போல இளசாக இருக்கும். அதற்குப் பயிற்சி வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்டானா வுன்யாக்-நோவாகோவிச் தலைமையில், திசுவுக்கு மின்துடிப்புத் தந்து, அதன் வேகத்தை நாளுக்கு நாள் கூட்டினர். நான்கு வாரத்தில் அது முதிர்ந்த தசையின் பல குணங்களைப் பெற்றது என்று 2018-இல் அறிவித்தனர். விளையாட்டு விழாவுக்கு முன் நம் உடற்பயிற்சி டீச்சர் நம்மை ஓட விடுவது போலத்தான்!

மனித இதயத்தின் மேல்

2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிகி சாவா குழுவினர், சுமார் 10 கோடி செல்கள் கொண்ட விரிப்புகளை ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தனர். அவை நெடுநாள் அங்கேயே தங்கி உழைக்கும் என்பது அவர்கள் எண்ணமல்ல. புது இரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் பொருள்களை அவை சுரக்கும் என்பதே எதிர்பார்ப்பு.

கோட்டிங்கன் குழுவோ தங்கி உழைக்கும் ஒட்டையே விரும்பியது. முதலில் குரங்குகளில் சோதித்து, பிறகு 2021 முதல் மனிதர்களில் ஆராயத் தொடங்கியது. அவர்களில் ஒரு பெண்மணிக்கு வயது 46. இதயம் மிகவும் நலிந்தவர். துடிக்கும் இதயத்தின் மேலேயே 40 கோடி செல்கள் கொண்ட பத்து ஒட்டுகளைத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. வெளியே எடுத்த பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, ஒட்டுகள் உயிரோடு இருந்தன. அவற்றுக்குள் இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. 2025 ஜனவரியில் வெளியான இச்செய்தியைப் படித்த அன்று எங்கள் தோழி, "அப்படியென்றால் தைக்க முடியும்!" என்று துள்ளி எழுந்தாள்.

தாண்ட வேண்டிய ஆறுகள்

ஆம், தைக்க முடியும். ஆனால் தைத்ததெல்லாம் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. தடைகள் பல உள்ளன. இரத்தக் குழாயிலிருந்து இந்த மலரின் இரண்டு தாள் கனத்துக்கு மேல் விலகியிருக்கும் செல்லுக்கு மூச்சுக் காற்று போதாது. ஆகவே கனமான தசையை வளர்ப்பது கடினம். இன்னொன்று, தாளம். 2014-இல் சியாட்டில் நகரில் சார்லஸ் மரி குழுவினர் 100 கோடி செல்களைக் குரங்கின் இதயத்தில் செலுத்தியபோது தசை நன்றாகவே வளர்ந்தது. ஆனால் இதயத் துடிப்பு சில காலம் தாறுமாறாகியது. பாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள் தன் தாளத்தில் பாடினால் என்ன ஆகும்? அதுபோலத்தான், இதயத்திலோ அது உயிருக்கே ஆபத்து. பிறருடைய செல்லானால் உடல் எதிர்க்கும். எதிர்ப்பை அடக்க மருந்து உண்ண வேண்டும். மாறாத குருத்துச் செல் ஒன்றிரண்டு தங்கிவிட்டால் கட்டியாக வளரலாம். இவற்றையெல்லாம் கண்காணிக்கவே, குறைந்த எண்ணிக்கை நோயாளிகளோடு, படிப்படியாக ஆராய்கிறார்கள்.

ஆயினும் ஆய்வுக்கூடத் தசை இப்போதே வேறொரு விதத்தில் உதவுகிறது. புற்றுநோய்க்குத் தரும் டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து சிலருடைய இதயத்தைக் கெடுக்கிறது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் செல்லிலிருந்து ஸ்டான்ஃபோர்டில் இதயச் செல்களை உருவாக்கினார்கள். அம்மருந்தால் இதயம் கெட்டவர்களின் செல்கள், தட்டிலும் எளிதில் கெட்டன என்று 2016-இல் கண்டனர். மனிதருக்குக் கொடுக்குமுன் மருந்தைத் தட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்பது சிறிய நன்மையா?

துண்டுப்பிரசுரத்திற்குப் பதில்

இனி அந்தத் துண்டுக் காகிதத்திற்கு வருவோம். அதில் சொல்லியிருந்தது மேலே கூறிய எதுவும் அல்ல. எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து ஊசியாகப் போடுவதாம். 2001-இல், எலியின் மஜ்ஜைச் செல் இதயத் தசையாக மாறுகிறது என்று ஒரு கட்டுரை வெளியானது உண்மை. 2004-இல் வேறு ஆய்வாளர்கள் தனித்தனியே சோதித்து, அவ்வாறு மாறுவதில்லை என்று காட்டிவிட்டனர். 2018-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி, இத்துறையில் புகழ் பெற்றிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் 31 கட்டுரைகளில் பொய்யான தகவல்கள் உள்ளன, அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று அறிவித்தது. அவசரமும் புகழாசையும் விஞ்ஞானத்திலும் நுழையக்கூடும் என்பதற்கு இது சான்று. அதைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் விஞ்ஞானமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் தெளிவாக இருக்கின்றன. சில இரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது. முறையான அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே பயன்படுத்தலாம். "ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு நோயாளியிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்டால் அது வியாபாரம்" என்று டீச்சர் சொன்னார்.

தோழியின் அம்மா டாக்டரைச் சென்று பார்த்தார். டாக்டரும் அதையே சொன்னார். நகைகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அப்பா மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறார். புகைப்பதை அடியோடு விட்டுவிட்டார். டாக்டர் சொன்ன அளவு நடக்கிறார். இப்போது தெருமுனைக் கடை வரை போய் வருகிறார். லாரி ஓட்ட முடியாது. அந்தத் துக்கம் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. அதைப் போக்கும் மருந்து இன்று எங்களிடம் இல்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

இன்று மிகவும் நலிந்த இதயத்திற்குப் பெரும் நம்பிக்கை மாற்று இதயம்தான். 1967-இல் கேப்டவுனில் முதன்முதலாக மனித இதயம் பெற்றவர் 18 நாட்களே வாழ்ந்தார். இப்போது பலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஆனால் கொடுப்பவர் குறைவு, காத்திருப்பவர் அதிகம். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் இதயத்தை, டாக்டர்களான பெற்றோர் தானம் செய்ய, அது சென்னையில் ஒரு சிறுமிக்கு வாழ்வளித்தது. ஆய்வுக்கூடம் இதயத்தைத் தரும் நாள் வரை, இத்தகைய நல்ல உள்ளங்களே அதைத் தர வேண்டும்.

அன்புத் தோழியரே! உயிரியலில் கடைசி இடம் பெற்ற மாணவர் தொடங்கிய பணியை, அறுவை சிகிச்சையில் பின்தங்கிய டாக்டர் தொடர்ந்தார். பெண்கள் பலர் அதை இன்று முன்னெடுத்துச் செல்கிறார்கள். நம் பள்ளியிலிருந்தும் யாரேனும் அந்த வரிசையில் சேரக் கூடாதா? எங்கள் தோழி சேர்வதாக இருக்கிறாள். அந்தத் துண்டுப்பிரசுரத்தை அவள் கிழித்துப் போடவில்லை; உயிரியல் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.